உங்களுக்குத் தெரியுமா? நோய் வந்த வழியும் காசு போன வழியும்

2020 ஒக்டோபர் மூன்றாம் வாரத்தில் பேலியகொடை மத்திய மீன் சந்தை மூடப்பட்டது. அங்கே வேலை செய்தவர்களிடையே கொரோனா பரவியிருந்தது. சந்தை இருப்பது கொழும்பின் வாசலில். முல்லைத்தீவுக் கடற்கரையோ முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால். ஆனாலும் மீன் விலை முதலில் விழுந்தது கரைகளில்தான். கொழும்புச் சனம் மீனைத் தொடவே பயந்தது. கூலர் லொறிகள் வருவது குறைந்தது. "இண்டைக்கு எடுக்கேலாது அண்ணை" என்று சம்மாட்டி சொல்லிவிட்டால், வலையிலிருந்து மீனைக் கழற்றிக்கொண்டு நிற்பவருக்கு அடுத்து யாரிடம் போவது என்று தெரியாது. ஐஸ் கரைகிற நேரம்தான் அவருக்கு இருந்த அவகாசம். மீன் சாப்பிட்டால் தொற்றாது என்று காட்ட, முன்னாள் அமைச்சர் திலிப் வெதஆராச்சி அந்த நவம்பரில் செய்தியாளர் முன்னிலையில் பச்சை மீனையே கடித்துக் காட்டினார். பயம் அவ்வளவு பரவியிருந்தது.

இதே கதை அதே ஆண்டு மே மாதம் தமிழ்நாட்டிலும் நடந்தது. சென்னைக் கோயம்பேடு சந்தையில் தொற்று பெருகியதும் சந்தை மூடப்பட்டுத் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. சுமை தூக்கியவர்களும் லொறிக்காரர்களும் ஊர் திரும்ப, கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களில் தொற்று எண்ணிக்கை சில நாட்களில் ஏறிப் போனது. ஒரு நாட்டின் காய்கறியும் மீனும் ஒரே வாசலால் போய் வரும்போது, அந்த வாசலைப் பூட்டினால் வீட்டுக்காரரை விட வழியில் நிற்பவருக்கே நட்டம் அதிகம்.

*

இலங்கையின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு, கொழும்பு இருக்கும் மேல் மாகாணம் ஒன்றிலிருந்தே வருகிறது. வட மாகாணத்தின் பங்கு இருபதில் ஒன்று அளவுதான். பெருந்தொற்று வந்தபோது போட்டி தொடங்கிய கோடே இப்படி இருந்தது.

*

முல்லைத்தீவு மாவட்டத்தின் வறுமை வீதம் 2012/13இல் 28.8, 2016இல் 12.7, 2019இல் 44.5. என்ன இது, மூன்று வருடத்தில் ஊரே ஏழையாகிவிட்டதா என்று கேட்பீர்கள்.

நடந்தது வேறு. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் பழைய வறுமைக் கோட்டைக் கைவிட்டு, 2012/13 ஆம் ஆண்டுச் செலவுகளை அடிப்படையாக வைத்துப் புதுக் கோடு ஒன்றைக் கீறியது. 2019இல் ஒருவருக்கு மாதம் 6,966 ரூபாய் என்பது அந்தக் கோடு. ஆகவே 2016 எண்ணையும் 2019 எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏறியது, இறங்கியது என்று பேசுவது பிழை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கோடு மாறியபோது கொழும்பு மாவட்டம் 0.9இலிருந்து 2.3க்குத்தான் போனது. முல்லைத்தீவோ நாட்டிலேயே முதலிடத்துக்கு வந்துவிட்டது. 2016இல் அந்த இடம் கிளிநொச்சிக்கு, 18.2 வீதத்துடன்.

இதன் பொருள், பழைய கணக்கில் "ஏழை இல்லை" என்று எழுதப்பட்ட, முல்லைத்தீவை உள்ளடக்கிய வன்னியின் குடும்பங்களில் பெரும்பகுதி கோட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில்தான் நின்றிருக்கிறது. ஒரு மாதக் கூலி தவறினால், ஒரு மாடு செத்தால், ஒரு பிள்ளை வைத்தியசாலையில் பத்து நாள் கிடந்தால் கீழே. பெருந்தொற்று தட்டியது அந்த ஒரு சாணைத்தான். தேசிய சராசரியான 14.3ஐ மட்டும் வைத்து நிவாரணம் பேசியவர்களுக்கு இது கண்ணில் படவே இல்லை.

*

ஊரடங்கு தொடங்கியது 2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு.

அந்த நேரம் வன்னியில் காலபோக அறுவடை ஏறத்தாழ முடிந்திருந்தது. நெல் வீட்டுக்குள் இருந்தது. வயலுள்ளவர்களுக்கு அது பெரிய ஆறுதல். அந்த ஆண்டு அரசாங்கம் நெல்லுக்கு அறிவித்த உறுதி விலை கிலோ 50 ரூபாய். ஆனால் முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவி, துணுக்காய், யோகபுரம், மாங்குளம் பக்கத்தில் வயலில்லாமல் கூலிக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! அறுவடை முடிந்தால் அவர்கள் மேசன் வேலைக்கு, கிணறு வெட்ட, வேலி அடைக்க, மரம் ஏற்ற என்று கிளம்புகிற காலம் அது. கிளம்ப முடியவில்லை. விவசாய வேலைக்குத் தடையில்லை என்று அறிவித்தார்கள். ஆனால் பாஸ் எடுத்து, வீதித் தடையில் காட்டி, மாங்குளம் சந்தி தாண்டி ஒரு நாள் கூலிக்குப் போய் வருவது எப்படி? வேலை கொடுப்பவருக்கே அது கரைச்சல்.

இலங்கையில் உழைப்பவர்களில் பாதிக்கு மேல் முறைசாராத் துறையில் இருக்கிறார்கள். விவசாயத்தில் அது பத்தில் எட்டுக்கும் மேல். சம்பளச் சிட்டை, ஊழியர் சேமலாப நிதி, லீவு எதுவும் இவர்களுக்கு இல்லை. கொழும்பில் மடிக்கணினி முன் அமர்ந்தவருக்கு அந்த இரண்டு மாதமும் சம்பளம் வந்தது. நிவாரணமாக ஏப்ரலிலும் மேயிலும் 5,000 ரூபாய் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் நன்றியோடுதான் வாங்கினார்கள், நானும் அதைக் குறை சொல்லமாட்டேன். ஐந்து பேர் உள்ள வீட்டில் அது ஆளுக்கு ஆயிரம், மேலே சொன்ன கோட்டில் ஏழில் ஒரு பங்கு.

*

2020 மார்ச் மாதம் வட மாகாண சபை இருக்கவில்லை. அதன் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது; தேர்தல் நடக்கவில்லை. பாராளுமன்றமும் இல்லை, மார்ச் 2ஆம் திகதி கலைக்கப்பட்டு ஓகஸ்ட் 5ஆம் திகதிதான் தேர்தல். வட்டார வைத்தியசாலை, கிராமப் பாடசாலை, உள்ளூர்ச் சந்தை எல்லாம் மாகாணத்தின் கீழ் வரும் விடயங்கள். அவற்றைப் பற்றி மல்லாவியிலிருந்து குரல் கொடுக்க, வாக்குப் போட்டுத் தெரிந்த ஒரு மாகாண உறுப்பினர் இல்லாமலே பெருந்தொற்று முழுவதும் கடந்தது. இதைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை என்பது எனக்கு இன்றும் கவலை.

*

வன்னி ஏன் இவ்வளவு காலம் ஆள் குறைந்த நிலமாகக் கிடந்தது? போர் ஒரு காரணம். ஆனால் அதற்கு நூறு ஆண்டுக்கு முன்பே இன்னொரு காரணம் இருந்தது. காய்ச்சல்.

ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி ஒரு பெரிய கையேடு எழுதினார். உடைந்த குளங்கள், சுருங்கிப் போன ஊர்கள், காய்ச்சலும் பறங்கி வியாதியும் தின்ற சனம் என்று பக்கம் பக்கமாக வரும். மலேரியா இங்கே ஆண்டுதோறும் வந்து போகும் விருந்தாளி. அதற்குக் கொள்ளைநோய் என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

பெயர் வைத்தது 1934இல். அந்த ஆண்டு தென்மேல் பருவமழை பொய்த்தது. மகா ஓயா, தெதுரு ஓயா போன்ற ஆறுகள் வற்றிக் குட்டைகளாக, நுளம்பு பெருகி, கேகாலை, குருநாகல் பக்கமெல்லாம் மலேரியா பாய்ந்தது. ஏழு மாதத்தில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். கொழும்புக்குப் பக்கத்தில் நடந்ததால் நாடே எழுந்தது. டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா போன்றோரோடு சூரியமல் இயக்கத்தவர்கள் அரிசியும் கொயினாவும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். இலங்கை இடதுசாரி அரசியலுக்கே அந்த நிவாரண வேலை ஒரு வித்து. உயர்ந்த பணி, மறுப்பதற்கில்லை. அதே காய்ச்சல் வன்னியில் தலைமுறை தலைமுறையாக ஆளைக் கொன்றபோது அப்படி ஒரு படை புறப்படவில்லை என்பதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் முடியும் காலத்தில் டீடீடீ நுளம்புக்கொல்லித் தெளிப்புத் தொடங்கியது. 1946இல் ஆயிரத்துக்கு 20.2 ஆக இருந்த நாட்டின் இறப்பு வீதம் 1947இல் 14.2. அதற்குப் பிறகு குடியேற்றத் திட்டங்களுக்கு வன்னி மேலும் திறந்தது. பாலியாற்றை மறித்த வவுனிக்குளத்தைத் திருத்தி, யாழ்ப்பாணத்துக் காணியற்ற குடும்பங்களுக்கு வயல் பிரித்துக் கொடுத்தார்கள். இன்றைய மல்லாவிச் சந்தை அந்தக் குளத்து நீரில் வளர்ந்தது. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2016 செப்டெம்பரில்.

*

1918–19 இன்புளுவென்சா இலங்கையில் ஏறத்தாழ மூன்று இலட்சம் உயிரைக் கொண்டு போனதாகப் பின்னாளைய மக்கள்தொகை ஆய்வு கணக்கிடுகிறது. போர்க்கால இலங்கையில் அரிசித் தட்டுப்பாடும் கூடவே இருந்தது. உங்கள் பூட்டன் பூட்டி காலத்துக் கதைகளில் "பெரிய காய்ச்சல்" என்று ஒன்று வந்தால் கேட்டு எழுதி வையுங்கள். அதை எழுதி வைத்தவர்கள் மிகக் குறைவு.

*

ஐரோப்பாவில் 1348இல் வந்த கறுப்பு மரணத்துக்குப் பிறகு கூலியாட்களின் சம்பளம் ஏறியது. செத்தவர்கள் அவ்வளவு பேர். வேலைக்கு ஆள் இல்லை. ஏறிய கூலியை இறக்க இங்கிலாந்து 1351இல் சட்டமே போட்டது. அண்மைக் காலத் தொற்றுகளில் இதற்கு எதிர்மாறு. சார்ஸ், எச்1என்1, மேர்ஸ், எபோலா, ஸிகா ஆகிய ஐந்துக்கும் பின்னான ஆண்டுகளைச் சர்வதேச நாணய நிதியத்து ஆய்வாளர்கள் பார்த்தபோது, வருமான ஏற்றத்தாழ்வு கூடியிருந்தது. குறைந்த படிப்புள்ளவர்களின் வேலைதான் அதிகம் பறிபோயிருந்தது.

*

பாடசாலைகள் மூடியது 2020 மார்ச் 13. அதன் பிறகு திறப்பதும் மூடுவதுமாக இரண்டு வருடம் போனது.

இணையவழிக் கல்வி என்றார்கள். அப்போது இலங்கையில் கணினி இருந்த வீடுகள் ஏறத்தாழ 22 வீதம். அதிலும் நகரத்துக்கும் தோட்டப்புறத்துக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். எங்கள் பக்கத்தில் கணினியை விடுங்கள், ஒரு தொடுதிரைத் தொலைபேசியைச் சுற்றி மூன்று பிள்ளைகள். தகப்பன் வயலுக்குப் போகும்போது தொலைபேசியும் சட்டைப் பையில் போய்விடும். அவர் திரும்பி வந்து, கை கழுவி, அதை மேசையில் வைத்த பிறகுதான் காலையில் ஆசிரியர் அனுப்பிய கணிதப் பாடம் திறக்கும். மூத்தவளுக்குப் பரீட்சை, ஆகவே முதல் முறை அவளுக்கு. கடைக்குட்டி ஐந்தாம் ஆண்டு, புலமைப்பரிசில். அவன் முறை வரும்போது நித்திரை. சில டேட்டா பக்கேஜில் நள்ளிரவுக்குப் பிறகு அளவு கூட. அதற்காக அலாரம் வைத்து எழும்பிக் காணொளி இறக்கிய தாய்மாரை எனக்குத் தெரியும். "சிக்னல் வந்திட்டுது, ஓடி வா பிள்ளை" என்ற குரல் குளக்கட்டுப் பக்கம் கேட்கும். பல ஆசிரியர்கள் இதைப் பார்த்துச் செயலட்டைகளை அச்சடித்துத் தாங்களே மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்த எரிபொருளுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. அவர்களை இந்த இடத்தில் நினைக்காமல் விடக்கூடாது.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய பட்டியலில் எத்தனை மாவட்டம் தெரியுமா? மொத்தம் உள்ள 25இல் 16. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார், யாழ்ப்பாணம் ஐந்தும் அதில் உண்டு. பின்தங்கிய மாவட்டங்கள் எவை என்று அரசாங்கத்துக்கு நன்றாகத் தெரியும். அந்த 16க்கும் முதலில் இணையக் கோபுரமும் டப்லட்டும் போகவேண்டும் என்று எவரும் தீர்மானிக்கவில்லை.

*

கேப்பாப்பிலவு விமானப்படை முகாம், வவுனியா பம்பைமடு இராணுவ முகாம், இரணைமடு. பெருந்தொற்றுக் காலத்தில் வேறு இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களைத் தனிமைப்படுத்தி வைத்த இடங்களில் இவையும் அடக்கம். படைமுகாம்கள் நிறைந்த நிலம் என்பதால் இடத்துக்குக் குறைவில்லை.

இதைவிடக் கனமான ஒன்று 2021 மார்ச்சில் நடந்தது. கொரோனாவால் இறந்தவர்களைப் புதைக்க விடாமல் எல்லோரையும் எரித்தே ஆக வேண்டும் என்ற உத்தரவு அதுவரை இருந்தது. முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ ஒரு வருடம் அந்த வேதனையை அனுபவித்தார்கள். தம் பிள்ளையின் உடலைக்கூடப் புதைக்க முடியாத பெற்றோர் இருந்தார்கள். கடைசியில் அனுமதி வந்தது. புதைக்கும் இடம் என்று மார்ச் 2ஆம் திகதி அறிவித்தது எதை? பூநகரிக்கு அப்பால் கடலில் கிடக்கும் இரணைதீவை. 1992இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்ட மீனவக் குடும்பங்கள், கால் நூற்றாண்டு காத்திருந்து, 2018 ஏப்ரலில் படகேறித் தாங்களாகவே திரும்பிப்போன தீவு அது. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த நாளே குருமாரும் பெண்களும் திரண்டு எதிர்த்தார்கள். பிறகு மட்டக்களப்பு ஓட்டமாவடி என்று இடம் மாறியது. கொழும்பில் இறந்தவரின் உறவினர் ஜனாஸாவுக்குப் பின்னால் அவ்வளவு தூரம் போகவேண்டி வந்தது. இரண்டு சிறுபான்மைச் சமூகங்களின் துக்கத்தை ஒன்றோடொன்று மோதவைத்த அறிவிப்பு அது. இரண்டு தரப்பும் அந்தப் பொறியில் விழாமல் நின்றது பெரிய விடயம்.

*

2020இல் வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கி வழியாக அனுப்பிய காசு குறையும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கூடியது: ஏறத்தாழ 710 கோடி டொலர். விமானம் இல்லை, ஆள் போக்குவரத்து இல்லை, வங்கிக்கு வெளியே காசு மாற்றும் உண்டியல்காரருக்கு வழி அடைபட்டது. ஆகவே காசு வங்கியால் வந்தது. 2021இல் அது 550 கோடிக்கு இறங்கியது. வங்கி டொலருக்கு இருநூறு ரூபாய் அளவில் கொடுக்க, உண்டியலில் அதைவிடக் கூடக் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் பல வீடுகளுக்கு ரொறன்ரோவிலோ லண்டனிலோ ஒரு கை உண்டு. அந்தக் கை எட்டாத வீடுகள் வன்னியின் உள்ளூர்களில் அதிகம். வடக்குக்குள்ளேயே இப்படி ஒரு நடுவும் ஓரமும் இருக்கிறது.

*

மல்லாவியில் சுற்றுலா விடுதி கிடையாது. ஆனால் சுற்றுலாப் பயணி வராததன் விலையை மல்லாவி விவசாயி கட்டினார். எப்படி என்று பாருங்கள்.

2018இல் 23 இலட்சம் பயணிகள் இலங்கைக்கு வந்தார்கள். 2021இல் இரண்டு இலட்சமும் இல்லை. டொலர் வற்றியது. டொலர் கொடுத்து வாங்கும் பொருட்களில் உரமும் ஒன்று. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் நிறுத்தினார்கள். வெளியே சொன்ன காரணம் மக்களின் ஆரோக்கியம், சேதன விவசாயம். கையிருப்பு டொலரை மிச்சம் பிடிப்பதும் கூடவே இருந்தது என்பது பொருளியலாளர் பலரின் கணிப்பு. சேதன உரத்துக்கு எதிரானவன் அல்லன் நான். மாட்டெரு, குழை, பசளை என்று நல்ல விவசாயிக்கு அவை தெரியாதவையும் அல்ல. ஆனால் ஏக்கர் கணக்கில் வயலுக்குப் போட ஒரு போகத்துக்குள் அவ்வளவு எரு எங்கிருந்து வரும்? நவம்பர் பிற்பகுதியில் தடையைத் தளர்த்தினார்கள். காலபோக விதைப்பு அதற்குள் முடிந்து பயிர் மஞ்சளடித்திருந்தது.

முந்திய காலபோகத்தில் நாடு முழுவதும் ஏறத்தாழ 30 இலட்சம் தொன் நெல். 2021/22 காலபோகத்தில் 20 இலட்சத்துக்கும் குறைவு. வயலில் போட்ட காசு திரும்பி வராத வீடுகளில், அடுத்த சிறுபோகத்துக்கு விதைநெல்லையே அடகு வைக்கும் நிலை. 2020இல் நெல்லுக்கு இலவசமாகக் கொடுத்த உரம், 2022இல் இந்தியக் கடனில் வந்த பின் ஒரு மூட்டை யூரியா 10,000 ரூபாய் என்று அரசாங்கமே விற்றது.

*

2022 செப்டெம்பரில் இலங்கையின் பணவீக்கம் 69.8 வீதம் என்று உலகமே எழுதியது. அது கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண். கொழும்பு நகர்ப்புறக் குடும்பத்தின் செலவுக் கூடையை வைத்து அளப்பது. அப்போது அந்தக் கூடையில் உணவுக்கு இடம் ஏறத்தாழ 28 வீதம். நாடு முழுவதற்குமான சுட்டெண்ணில் உணவுக்கு 44 வீதம், அதே மாதம் அது காட்டிய பணவீக்கம் 73.7. கூலிக்குப் போகும் வன்னிக் குடும்பத்தின் கூடையில் உணவைத் தவிர மிச்சம் என்ன இருந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

*

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340. கொழும்பில் பலருக்கு இது பத்திரிகைச் செய்தி. முல்லைத்தீவுப் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரமும், தோட்டக் கிணற்றில் நீரிறைக்கும் இயந்திரமும் ஓடுவது அதில்தான்.

வன்னி மண்ணெண்ணெயை நன்கு அறியும். 1990கள் முழுக்கப் பொருளாதாரத் தடை இருந்தபோது, துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. ஜாம் போத்தல் விளக்கில் படித்து உயர்தரம் எடுத்தவர்கள் இன்று ஆசிரியர்களாகவும் வைத்தியர்களாகவும் இருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை வைத்து "வன்னிச் சனம் எதையும் தாங்கும்" என்று மெச்சுகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்: தாங்கியதற்காக மேலும் ஒரு சுமையை ஏற்றுவது நியாயமாகாது.

*

மையத்துக்குள்ளும் விளிம்பு உண்டு. கொழும்பு முகத்துவாரம், மட்டக்குளி, கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தொடர்மாடிகள் 2020 ஒக்டோபரிலிருந்து கிழமைக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. ஒரு அறையில் ஏழெட்டுப் பேர், நாட்சம்பளம், வெளியே போக முடியாது. 1978இல் தொடங்கிய கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில், போடிங் அறைகளில் இருந்த கிராமத்துப் பெண்கள் 2020 மார்ச்சில் ஊருக்குப் போக வழியின்றி நாட்கணக்கில் சிக்கினார்கள். போருக்குப் பின் கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. வேலை வந்தது, அதோடு வலயத்தின் நெருக்கமும் வந்தது. 2021 மே நடுவில் தொற்றுப் பரவியதால் புதுக்குடியிருப்பு, முள்ளியவளை, முல்லைத்தீவு பொலிஸ் பிரிவுகள் முடக்கப்பட்டன.

*

2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில், ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனைக் கட்ட முடியாத பெண்களின் கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. வன்னியும் அதில் அடக்கம். இரண்டு வருடம் கழியுமுன் கொரோனா. 2020இல் கொடுத்தது தவணைக்கு அவகாசம், வட்டி நின்றுவிடவில்லை. பதிவில்லாத கிழமைக் கடன்காரருக்கு அந்த அவகாசமும் பொருந்தவில்லை. ஊரடங்கு தளர்ந்த அடுத்த கிழமையே வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திய அக்காமாரை எல்லாக் கிராமத்திலும் காணலாம். கணவனை இழந்தோ தொலைத்தோ தனியே குடும்பம் நடத்துகிறவர்கள் அவர்களில் பலர்.

*

உலக வங்கியின் கணக்கில், நாளுக்கு 3.20 டொலர் என்ற அளவுக்குக் கீழே வாழ்ந்த இலங்கையர் 2019இல் 9.2 வீதம், 2020இல் 11.7. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே ஆண்டில் சேர்ந்தார்கள்.

*

கடைசியாக, எண்ணுவது பற்றி. இலங்கையில் பத்து ஆண்டுக்கு ஒரு முறை குடிசன மதிப்பு எடுக்க வேண்டும். 2012 மார்ச் 20ஆம் திகதி எடுத்தபோது முல்லைத்தீவு மாவட்டத்தில் ஏறத்தாழ 92,000 பேர். ஆனால் போரில் இடம்பெயர்ந்தவர்கள் இருந்த செட்டிகுளம் மெனிக்பாம் முகாம் அன்று இன்னும் மூடப்படவில்லை. அது மூடியது அதே ஆண்டு செப்டெம்பரில். முல்லைத்தீவுக்காரரில் ஒரு பகுதியினர் தம் மாவட்டத்துக்கு வெளியே இருந்த நாளில் அவர்களின் மாவட்டத்தை எண்ணினார்கள். இந்தியாவிலிருந்து திரும்பி வரவேண்டியவர்கள் வேறு.

அடுத்த கணக்கு 2021இல் எடுப்பதாக இருந்தது. பெருந்தொற்றும் பிறகு வந்த பொருளாதார நெருக்கடியும் அதைத் தள்ளித் தள்ளி 2024 டிசெம்பருக்குக் கொண்டுபோயின. எண்ணிப் பார்த்தால் முல்லைத்தீவில் 1,22,000க்கு மேல். ஆண்டுச் சராசரி வளர்ச்சி நாட்டிலேயே மிக அதிகம். இடையில் வந்த வருடாந்த மதிப்பீடுகள் எல்லாம் 2012ஐ அடித்தளமாக வைத்துக் கூட்டியவை. ஆகவே பெருந்தொற்று நடந்த ஆண்டுகளில் மல்லாவி ஆதார வைத்தியசாலைக்கு எத்தனை கட்டில், துணுக்காய் வலயத்துக்கு எத்தனை ஆசிரியர் என்று கொழும்பில் பேசியபோது, அந்த மேசையில் இருந்த தாளில் இந்த மாவட்டத்தின் பல ஆயிரம் பேர் எழுதப்படவே இல்லை. புதிய எண்கள் இப்போது கையில் இருக்கின்றன. அடுத்த வரவுசெலவுத் திட்டம் அவற்றை வைத்துப் பிரிக்கப்படுகிறதா என்று உங்கள் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.